கடைசி மிதிவண்டி

நெடுந்தொலைவு மிதிவண்டியில் சென்று திரும்பியவரைக் கண்டதும் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தீர்கள்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "யார் முதலில் வந்தது?" என்பது. இவ்விரண்டையும் நானும் பல ஆண்டுகளாகப் பலரிடம் கேட்டிருக்கிறேன். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குச் சென்று வந்த பிறகு, நண்பர்கள் கூடிச் செல்லும் பயணத்தைப் பற்றி இப்படிக் கேட்பது தவறு என்னும் முடிவுக்கு வந்துள்ளேன். கேட்க வேண்டியது, கடைசியில் வந்தவர் எப்படி இருக்கிறார் என்பதே. இக்கருத்து எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததன்று. வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டது.

பெங்களூருவில் வளரும் உங்களுள் பலர் நந்தி மலையைக் காரின் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். அல்சூர் ஏரிக்கரையிலிருந்து மலையுச்சி வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெங்களூரு நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. நந்தியின் உச்சி 1478 மீட்டர். இந்த ஏற்றம் வழி நெடுகச் சீராகப் பரவியிருக்கவில்லை என்பதுதான் மிதிவண்டிக்காரர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. தேவனஹள்ளி வரை சாலை மெல்ல ஏறியும் இறங்கியும் கிடக்கும். ஏற்றத்தின் பெரும்பகுதியும் மலையடிவாரத்திற்குப் பின்வரும் கடைசி எட்டுக் கிலோமீட்டரில்தான் காத்திருக்கிறது. அங்கே கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி நானூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் மிதித்துக் களைத்த கால்களை அந்த மலை அதன் பிறகே சோதிக்கத் தொடங்குகிறது.

நாங்கள் அறுவர். பிழைப்பை நாடி வெவ்வேறு ஊர்களிலிருந்து இந்நகருக்கு வந்த தமிழர் நால்வர். இங்கேயே பிறந்து வளர்ந்த கன்னட இளைஞர் இருவர். ஐவரிடம் பல்சக்கர மாற்றிகள் கொண்ட, எடை குறைந்த புதிய வண்டிகள் இருந்தன. ஆறாமவர் அல்சூரில் தையற்கடை வைத்திருப்பவர்; ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் ஓட்டி வந்தது பழைய கறுப்பு ஹெர்குலிஸ். 1949 இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலையிலிருந்து வெளிவந்து, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பால்கேனும் நெல்மூட்டையும் சுமந்த வண்டிகளின் இனத்தைச் சேர்ந்தது அது. எங்கள் வண்டிகளைவிடப் பல கிலோ கூடுதல் எடை, மாற்றிகள் இல்லை, ஒரே பல்சக்கரம்.

"எதற்காக இந்த வயதில் நந்திக்கு?" என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். "எங்கள் ஊர் ஆறு அங்கேதான் பிறக்கிறதாம், பார்த்துவிட்டு வரலாமென்று" என்றார் அவர். அவர் ஊர் திருக்கோவிலூருக்கு அருகில், ஆறு, தென்பெண்ணை. அப்போது அந்த விடையை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பட்டோம். தை மாதக் குளிரில் கைவிரல்கள் விறைத்தன. ஹெப்பாள மேம்பாலத்தைக் கடந்ததும் சாலை அகன்றது. விமான நிலையத்திற்கு விரையும் வாடகைக் கார்களுக்கு அஞ்சி, ஓரத்து இணைப்புச் சாலையிலேயே சென்றோம். முன்னும் பின்னும் விளக்கு, தலையில் கவசம், ஒருவர் பின் ஒருவராக வரிசை. இந்த ஒழுங்கில் குறை சொல்ல இடமில்லை. குறை, வேகத்தில் இருந்தது.

இங்கே சிறிது இயற்பியல் பேச வேண்டும். சமதரையில் மிதிவண்டி ஓட்டுபவரின் பெரும்பகை காற்றுதான். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை அவ்வேகத்தின் இருமடியாக வளர்கிறது; அத்தடையை வெல்வதற்கு வேண்டிய திறனோ மும்மடியாக வளர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 25 ஆக உயர்த்தினால், காற்றை எதிர்ப்பதற்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு திறனைச் செலவிட வேண்டும். முன்செல்பவரின் முதுகுக்குப் பின்னால் நெருங்கிச் செல்பவருக்கு இச்சுமையில் கணிசமான பகுதி குறைகிறது. ஆகவேதான் பயிற்சி பெற்றோர் முறைவைத்து முன்னே வந்து காற்றைத் தாங்குகின்றனர். வரிசையிலிருந்து பத்து மீட்டர் பின்தங்கியவருக்கு அந்த நிழல் கிடைப்பதில்லை. வலுவுள்ளவர்கள் ஒருவர் மறைவில் ஒருவராகச் செல்ல, வலுக்குறைந்தவர் முழுக் காற்றையும் தனியே சுமக்கிறார். நாங்கள் ஐவரும் தாழக் குனிந்து ஓட்டும் வண்டிகளில் இருந்தோம். தையற்கடை நண்பர் நிமிர்ந்து அமர்ந்து, காற்றைத் தம் மார்பால் தள்ளிக்கொண்டு வந்தார்.

தேவனஹள்ளிக்குச் சில கிலோமீட்டர் முன்பு அவர் வண்டியின் பின்சக்கரம் பஞ்சர் ஆயிற்று. "நீங்கள் போய்க்கொண்டிருங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். இது எனக்குப் பழகிய வேலை" என்றார். நாங்களும் போய்விட்டோம். தேவனஹள்ளியில் ஒரு சிறு கடையில் இட்லியும் வடையும் உண்டு, இரண்டாவது காப்பியும் குடித்து, கால்களை நீட்டி அமர்ந்து கதை பேசினோம். அவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தோம். "சாப்பிடுகிறீர்களா?" என்று நான்தான் கேட்டேன். ஒரு கை வண்டியைப் பிடித்திருக்கக் கேட்ட கேள்வி அது. எங்களைப் பார்த்தார், "பசியில்லை, போகலாம்" என்றார்.

கூட்டுப் பயணத்தின் அநீதி முழுவதும் அந்த ஒரு கணத்தில் அடங்கியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. முன்னே செல்பவர்கள் முதலில் சேர்கிறார்கள், உண்கிறார்கள், இளைப்பாறுகிறார்கள். பின்தங்கியவருக்காகக் காத்திருப்பதாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் வந்ததும், "வந்துவிட்டார், புறப்படலாம்" என்று எழுகிறார்கள். ஓய்வு மிகுதியும் தேவைப்படுபவர் எவரோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. காத்திருந்தோம் என்று சொல்லிக்கொள்கிற எத்தனையோ பேர் உண்மையில் காத்திருப்பதில்லை. தங்கள் களைப்பைத்தான் போக்கிக்கொள்கிறார்கள்.

மலையேற்றத்தில் அவரவர் தம் வேகத்தில் ஏறினோம். ஏற்றத்தில் இதுவே முறை. பிறர் வேகத்திற்கு இழுபட்டால் மூச்சு சீர்குலையும். கன்னட இளைஞருள் ஒருவர் முதலில் உச்சியை அடைந்தார். கால்மணி நேரத்தில் நாங்களும் சேர்ந்தோம். படம் எடுத்தோம், பனிமூட்டம் விலகுவதை வியந்தோம், யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று கைப்பேசிகளை ஒப்பிட்டுக்கொண்டோம். முக்கால் மணி நேரம் கழிந்த பிறகுதான் ஒருவருக்கு நினைவு வந்தது. கைப்பேசியில் அழைத்தோம்; எடுக்கவில்லை.

முதலில் ஏறிய இளைஞரே இறங்கிச் சென்றார். நாங்களும் பின்தொடர்ந்தோம். உச்சிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு வளைவில், கொய்யாவும் வெள்ளரியும் விற்கும் அம்மையார் ஒருவரின் கூடைக்கு அருகில் அவர் அமர்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கைகள் நடுங்கின. உடல் தன் தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, கடுமையான உழைப்பில் ஓரிரு மணி நேரத்திற்கே போதுமானது. அது தீரும்போது உண்ணாதிருந்தால் கண் மங்கும், கால் நடுங்கும், எண்ணமும் தெளிவிழக்கும். அவரோ விடியலுக்கு முன் வீட்டில் குடித்த ஒரு குவளைத் தேநீரோடு வந்திருந்தார்.

அந்த அம்மையார் அவரைக் கண்டதும் கேட்ட முதல் சொற்கள், "திண்டி ஆய்த்தா?" என்பவையாம். காலைச் சிற்றுண்டி ஆயிற்றா என்று கன்னடர் ஒருவரையொருவர் நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் சொற்கள் அவை. நீங்களும் உங்கள் தெருவில் கேட்டிருப்பீர்கள். இல்லை என்று தலையசைத்தவருக்குத் தம் சம்புடத்திலிருந்த சித்ரான்னத்தில் பாதியைக் கொடுத்து, ஒரு கொய்யாவை அரிந்து உப்புத் தூவியும் தந்திருக்கிறார். முன்பின் அறியாத ஒருவர் உட்கார்ந்து கேட்டதை, ஐந்து நண்பர்கள் நின்றுகொண்டு கேட்டோம். இரண்டும் ஒரே கேள்வி ஆகாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்; அதை எழுப்பியவர் எங்கள் குழுவின் அந்த விரைவான இளைஞரே. "எல்லோரும் மெதுவாகத்தான் போக வேண்டும் என்றால் என் உடலுக்கு எப்போது பயிற்சி? வேகமாகப் போவது குற்றமா, அண்ணா?" என்று பின்னர் ஒரு நாள் கேட்டார். நியாயமான கேள்வி. வேகம் குற்றமன்று, பந்தயம் ஓர் அழகான கலை. பந்தயத்தைப் பந்தயம் என்று பெயரிட்டு நடத்த வேண்டும் என்பதே என் வாதம். நண்பர்களோடு செல்கிறோம் என்று சொல்லி அழைத்துவிட்டு, வழியில் அதைப் பந்தயமாக மாற்றுவதுதான் பிழை.

இவ்வேறுபாட்டை நன்கு அறிந்த ஒருவர் இருந்தார். 1903 ஆம் ஆண்டில் 'டூர் தெ பிரான்சு' என்னும் உலகப்புகழ் பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி தெகிரான்சு. அவரே அடுத்த ஆண்டு, 1904 இல், முற்றிலும் வேறான ஒரு வழக்கத்திற்குப் பிரான்சில் கால்கோள் இட்டார். அதன் வேர் இத்தாலியில் உள்ளது. 1897 இல் சிலர் ரோம் நகரிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கிலோமீட்டர் தொலைவை ஒரே பகலில் கடக்கப் புறப்பட்டனர். அத்தகையோருக்கு 'ஆடாக்சு' என்று பெயர் வந்தது. இலத்தீனில் துணிவுடையோர் என்று பொருள். தெகிரான்சு பிரான்சில் பரப்பிய ஆடாக்சு பயணத்தில் குழுத்தலைவர் ஒருவர் முன்செல்வார். அனைவரும் ஒரே சீரான வேகத்தில் அவர் பின்னே செல்ல வேண்டும். எவரும் அவரை முந்தக் கூடாது. பந்தயத்தையே தொழிலாகக் கொண்டவர், தோழமைக்கு வேறு விதி வேண்டும் என்று உணர்ந்திருந்தார்!

1921 இல் இவ்வழக்கத்திலிருந்து ஒரு கிளை பிரிந்தது. அவரவர் தம் வேகத்தில் செல்லலாம், குறித்த நேரத்திற்குள் முடித்தால் போதும் என்பது அதன் விதி. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300 கிலோமீட்டருக்கு 20 மணி நேரம் என்று வரையறை உண்டு. இந்தியாவிலும் பெங்களூருவிலும் இன்று நடைபெறுபவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றிலும் முதலிடம், இரண்டாமிடம் என்று எவருக்கும் தருவதில்லை. முதலில் முடித்தவருக்கும் நேரம் தீரச் சில நிமிடங்களே இருக்கும்போது முடித்தவருக்கும் ஒரே தகுதிதான். இது எனக்கு உவப்பானது. ஆயினும், நண்பர் குழுவுக்கு முந்தைய முறையே ஏற்றது என்பேன்.

உண்மையைச் சொன்னால், இதைக் கற்க நாம் பிரான்சு வரை போக வேண்டியதில்லை. உங்கள் தந்தையிடமோ தாத்தாவிடமோ 'குரங்குப் பெடல்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். இருக்கைக்குக் கால் எட்டாத வயதில், பெரியவர்களின் வண்டியை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, மேல்தண்டுக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை வளைத்து மிதித்த கலை அது. அதைத் தனியாகக் கற்றவர் யாருமில்லை. பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். "விட்டுடாதே, விட்டுடாதே!" என்று ஓட்டுபவர் கத்துவார்.

1991 ஆம் ஆண்டையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கமளித்தார். இதழாளர் பி. சாய்நாத் அதனை எழுதி நாடறியச் செய்தார். என் அத்தை அப்பெண்களுள் ஒருவர். அவர் அந்நாள்களைப் பற்றிப் பேசும்போது தாம் எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. தமக்காகக் கேரியரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடிய பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றித்தான் சொல்வார். அவர் கால் முள் தைத்து வீங்கியதையும் சொல்வார்.

அன்று நந்தியில் என்ன செய்தோம் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். நண்பருக்கு உடல் தேறியதும், திரும்பிவிடலாம் என்றோம். அவர் இசையவில்லை. ஆகவே அறுவரும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தே ஏறினோம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதை இழிவாகக் கருதும் வழக்கம் எங்களிடம் இருந்தது. அன்று அது தொலைந்தது. உச்சியில் சுவரோரம் நின்று, "தென்பெண்ணை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எங்களுள் ஒருவர் அம்மலைக்கு இருபது முறைக்கு மேல் ஏறியவர். எவருக்கும் விடை தெரியவில்லை.

வரைபடத்தைத் திறந்து அப்போதுதான் பார்த்தோம். இம்மலைத்தொடரில் பிறக்கும் தென்பெண்ணை தெற்கே இறங்கி, ஹொசகோட்டே வழியாகப் பெங்களூருவின் கிழக்கு எல்லையைத் தொட்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று சென்று கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. கன்னடத்தில் அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். இதே மலையில் தோன்றும் அர்க்காவதியோ காவிரியில் சேர்கிறது. மேலிருந்து பார்த்தால் ஆறு என்று சொல்லத்தக்க எதுவும் தெரியவில்லை. வெயிலில் மின்னும் சில ஏரிகள் மட்டும் தெரிந்தன. நண்பர் அவற்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிழைப்புக்காக ஆறு சென்ற திசைக்கு எதிர்த்திசையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவர் அவர். அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அவரை முன்னே விட்டோம். சமதரையில் மெதுவானவர் முன்செல்ல வேண்டும்; ஏற்றத்தில் பிரிந்தால் குறித்த இடத்தில் கூட வேண்டும்; ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் கால் ஊன்றிய நிமிடத்திலிருந்தே கணக்கிட வேண்டும். இம்மூன்றையும் அன்றுதான் எங்களுக்குள் விதிகளாக்கிக்கொண்டோம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான் சென்றிருப்போம். விரைவு விரும்பிய இளைஞர் முதல் அரைமணி நேரம் பொறுமையிழந்து தவித்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு அவரே ஒரு கிளைச்சாலையில் வண்டியை நிறுத்தி, எங்களை அழைத்துக் காட்டினார். உழவர் கேழ்வரகுக் கதிர்களைச் சாலையில் பரப்பியிருந்தனர். கடந்து செல்லும் வண்டிகளின் சக்கரங்களே அவற்றை மிதித்துத் தானியத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. நாங்களும் எங்கள் சக்கரங்களால் இரண்டு முறை போய் வந்து உதவினோம். பெரிய உதவி ஒன்றும் இல்லை. பழைய ஹெர்குலிஸின் எடைக்குச் சற்று மதிப்பு இருந்திருக்கலாம். வழியில் திராட்சைத் தோட்டங்களையும், தேவனஹள்ளிக்குப் புகழ் தந்த சக்கோத்தா என்னும் பம்பளிமாசுப் பழங்களையும் கண்டோம். முன்பு பலமுறை இவ்வழியே போயிருக்கிறேன்; அவை அப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அல்சூர் வந்து சேர்கையில் மாலை ஐந்து மணி. அந்த இளைஞரின் கைப்பேசிச் செயலி, அவர் ஓட்டியவற்றிலேயே இது மிக மெதுவான பயணம் என்று அறிவித்தது. அவர் அதை எங்களிடம் காட்டிச் சிரித்தார், அழிக்கவில்லை.

அடுத்த பயணத்தை மாசி மாதத்தில் வைத்திருக்கிறோம். ஆனேக்கல் வழியாக எல்லை கடந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்குச் செல்வதாகத் திட்டம். தையற்கடை நண்பரும் வருகிறார். அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: இட்லிக் கடையை அவரே தேர்ந்தெடுப்பாராம், அவர் கைகழுவிவிட்டு எழும் வரை எவரும் தலைக்கவசத்தைத் தொடக் கூடாதாம்.